காற்றை ஏசியவருக்கு ஒரு ஒப்பாரி

நடந்தால் செருப்போடு மண்ணும் சேர்ந்து வருகிற கரிசல் காட்டில் மூக்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். நாற்பத்தோரு வயது. சுற்றுப்பட்டு ஊர்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளுக்கு ஆள் வரும். அவள் போய் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தால், அதுவரை அழத் தெரியாமல் நின்றவர்களும் அழுதுவிடுவார்கள் என்று பேச்சு.

அவளுக்கு ஒரு சிஷ்யர். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பெயர் கோமதிநாயகம்.

நாயகம் முப்பது வருஷம் வில்லுப்பாட்டுக்காரர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். கோயில் கொடை நாளில் அவர் பாட்டைப் பாடுவார்கள். கூட்டம் ஆகா என்னும். மாலை, பாடினவன் கழுத்தில் விழும். எழுதினவர் பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்பார். யாராவது வந்தால் செம்பை எடுத்துக் கொடுப்பார்.

அவர் மனைவி இறந்தபோது மூக்கம்மா வந்தாள். ஒரு வரி பாடினாள். பொரித்த அப்பளத்தில் உடைந்ததைத் தனக்கு எடுத்துக்கொண்ட மகராசி என்று. நாயகம் அந்த உடைந்த அப்பளத்தைத் தினமும் பார்த்தவர்தான். அதைப் பாட்டில் வைக்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மூக்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எனக்கும் சொல்லிக் கொடு, தாயி."

"ஆம்பிளை ஒப்பாரி வைக்கவா? ஊர் சிரிக்கும் அண்ணாச்சி."

"இதுவரைக்கும் ஊர் என்னைப் பாத்ததே இல்லை. சிரிக்கவாவது பாக்கட்டும்."

ஊர் சிரித்தது. அவர் டீக்கடையைக் கடந்தால் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். "அண்ணாச்சி, எங்க எருமைக்கு ரெண்டு நாளா மேலுக்குச் சொகமில்லை. எதுக்கும் ஒரு பாட்டுக் கட்டி வையும்."

மூன்று வருஷம் போயிற்று. மூக்கம்மா அவருக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூடவே கூட்டிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். முதல் நாள் சொன்னது ஒன்று மட்டும் உண்டு.

"போனதும் பாடாதீங்க. கேளுங்க. கடைசியா அவங்க கை என்ன வேலை செஞ்சுது? யாரை ஏசுவாங்க? எதைப் பாதியில விட்டுட்டுப் போனாங்க? இந்த மூணும் தெரிஞ்சா அது அவங்க பாட்டு. தெரியாட்டி, எவ்வளவு நல்லாப் பாடினாலும் ஊர்ப்பாட்டு."

மற்றபடி சாவு வீட்டு வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே யாரும் வாங்க என்று சொல்வதில்லை. கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால், இதே வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். எழுந்து, முகம் பார்க்காமல், சொல்லாமல் போய்விட வேண்டும். பாட்டு நன்றாக இருந்தது என்று அங்கே யாரும் சொல்வதும் இல்லை. தாய் செத்துக் கிடக்கும்போது எந்தப் பிள்ளை அதைச் சொல்லும்?

அந்த வருஷம் மாசி மாதம், பக்கத்து ஊரில் பெரிய வீட்டு ஆச்சி போய்விட்டார். மூக்கம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாயகம்தான் தனியாக, முதலிலிருந்து கடைசி வரை பாட வேண்டும் என்று ஆயிற்று.

நாயகம் கேட்டார். ஆச்சியின் கை கடைசியாகச் செய்தது புளியில் கொட்டை எடுத்தது. ஏசியது, மருமகளை அல்ல, முற்றத்தில் ஏறி வருகிற சேவலை. பாதியில் விட்டது, பேத்திக்குப் பின்ன ஆரம்பித்த இரட்டைச் சடையில் இரண்டாவது சடை.

அவர் பாடினார். அப்படி அவர் அதற்கு முன்னால் பாடியதில்லை. ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரிந்த தலையுமாகப் பேத்தி நிற்கிற இடம் வந்தபோது, காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நின்ற மூத்த மகன் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள்.

பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் குளிக்கப் போனார்கள். முற்றம் காலியாயிற்று.

மூக்கம்மா தெருவுக்குப் போய்விட்டாள். நாயகம் போகவில்லை. நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்றார். யாரோ ஒருவர் தன்னைப் பார்ப்பார் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வீட்டு மருமகள் குடத்தோடு வந்தாள், போனாள். ஒரு கிழவி ஈரச்சேலையோடு வந்தாள். நாயகம் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கிழவி அவர் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"அப்ப, நான் போயிட்டு வாரேன்."

முற்றத்தில் குடம் ஒன்று விழுந்தது.

"எவம்லே அவன்? இன்னொரு சாவு விழணும்னு சொல்லிட்டுப் போறவன்?"

கத்திக்கொண்டே உள்ளேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். ஒருத்தி கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். மூக்கம்மா திரும்பி வந்து, குனிந்து, வாய் தவறிவிட்டது என்று நாலு பேரிடமும் சொன்னாள். சொன்ன வாயை இங்கேயே கழுவட்டும் என்றார்கள்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், மூன்று தடவை வாயைக் கொப்பளித்துத் தெருவில் துப்பினார். அன்றைக்குத்தான் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் நாயகம் மூக்கம்மா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நீளமான நோட்டு. மூக்கம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அடுப்பு பத்திருச்சா, தாயி?"

"ஏன், காப்பி வேணுமா?"

"இதைப் போடணும்."

மூக்கம்மா நோட்டைப் பார்த்தாள். "இதுல எத்தனை இருக்கு?"

"நூத்துப் பதினாலு பாட்டு. வில்லுக்கு எழுதினது, இங்க வந்து கட்டினது, எல்லாம்."

"விறகு பச்சையா இருக்கு. இன்னும் சரியாப் பிடிக்கலை. உக்காருங்க, பிடிச்சதும் போடலாம்."

"விளையாடாதே தாயி."

"நான் எங்க விளையாடுதேன்? பச்சை விறகுல காகிதத்தைப் போட்டா வீடெல்லாம் புகையாகும்."

நாயகம் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நல்லாருந்துச்சுன்னு சொல்ல வேண்டாம். அது சாவு வீடு, எனக்குத் தெரியாதா? 'வெயில்ல நிக்கீரே, தள்ளி நில்லும்'னு ஒரு வார்த்தை. அது போதும். ஒரு ஆளு இங்க நிக்கான்னு தெரிஞ்சா போதும்."

மூக்கம்மா ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தொண்டை கட்டியிருந்ததால் இருமல் வந்தது.

"முப்பது வருஷம் வில்லுக்குப் பின்னால நின்னேன். மூணு வருஷமா பொணத்துக்கு முன்னால நிக்கேன். செத்தவங்களுக்குக் காது கேக்காது. இருக்கிறவங்க குளிச்சிட்டு வந்ததும் மறந்திருதாங்க. பாட்டும் அன்னைக்கே செத்துருது, இன்னொரு வீட்டுல அதைப் பாட முடியாது. பிறகு எதுக்கு நான் முழிச்சிருந்து கட்டணும்? யாருக்குக் கட்டணும்? நீ சொல்லு. சொன்னா நான் நோட்டை எடுத்துட்டுப் போறேன். சொல்ல முடியலைன்னா இது அடுப்புக்குப் போகட்டும்."

மூக்கம்மா விறகைத் தள்ளி வைத்தாள். வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

வந்தவன் விறகைக் கரியாக்குகிற கரிமூட்டத்து ஆள். சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"மூட்டத்துல ஒரு கிழவன் போயிட்டான். சொந்தம் பந்தம் ஒருத்தரும் இல்லை. அழுகுரல் கேக்காம எடுக்கப்படாதுங்கான் மேஸ்திரி. பெரிசா ஒண்ணும் வேண்டாம், சும்மா ஒரு சத்தம் குடுத்தாப் போதும்."

"வாரோம், போ" என்றாள் மூக்கம்மா. கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். "எனக்குக் குரல் இன்னும் திறக்கலை. நீங்கதான் அண்ணாச்சி."

"நான் இனிமே இல்லைன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"நோட்டு எங்கயும் போயிராது. அடுப்பும் இங்கதான் இருக்கும். பொணம் காத்திருக்காது."

நாயகம் நோட்டை அடுப்படியில் வைத்துவிட்டு எழுந்தார். "இதுதான் கடைசி."

"சரி" என்றாள் அவள்.

வேலிக்கருவைக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் இரண்டு மைல் நடந்தார்கள். மரமெல்லாம் வெட்டி, அங்கங்கே கட்டை மட்டும் நின்றது. மூட்டம் தூரத்திலேயே தெரிந்தது. விறகை வட்டமாக அடுக்கி, தழை போட்டு, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே கனியும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் போச்சு, அத்தனையும் கரியாகாமல் சாம்பலாகிவிடும். அதனால் ஒரு ஆள் சுற்றிச் சுற்றி வந்து, ஓட்டை கண்ட இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செத்துப்போனவர் அந்த ஆள்.

நாலு பேர் குடிசையிலிருந்து பாடையைக் கொண்டுவந்தார்கள். கருவைக் கம்புகளை வைத்துக் கட்டின பாடை. வேகமாக வந்து, தொப்பென்று தரையில் போட்டார்கள். கிழவரின் தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. கொம்பையா என்பவன், நாலு பேரில் மூத்தவன், பாடைக் கம்பின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான்.

"யாரு பாடப் போறா? இவரா? ஏலே, ஆம்பிளையைல்லா கூட்டிட்டு வந்திருக்கா!" என்று சிரித்தான். "சரி, சட்டுபுட்டுன்னு முடியும் பெரியவரே. வெயில் ஏறுது."

நாயகம் அவனைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்தார். சும்மா ஒரு சத்தம் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்து வந்தார். ஆனால் மூன்று வருஷப் பழக்கம். வாய் கேட்டுவிட்டது.

"இவரு பேரு என்ன?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"'தாத்தா'ம்போம்" என்றான் ஒருவன்.

"எந்த ஊரு?"

"'வடக்கே'ம்பாரு. வடக்கே எங்கன்னு யாரு கேட்டா?"

"கடைசியா அவரு கை என்ன செஞ்சுட்டிருந்துச்சு?"

"வேறென்ன? மண்ணு அப்பிட்டிருந்துச்சு."

"யாரையாவது ஏசுவாரா?"

"ஆளு பேசினாத்தானே ஏச?" என்றான் கொம்பையா. பிறகு வெற்றிலையை மென்றபடியே நிறுத்தினான். "காத்தை ஏசுவாரு."

"காத்தையா?"

"ஆமா. மேல்காத்து கிளம்பிச்சுன்னா எந்திரிச்சு நின்னுக்கிட்டு, 'வந்துட்டியா எடுபட்டவளே, உனக்கு வேற போக்கிடம் இல்லையா'ம்பாரு. பொண்டாட்டியை ஏசுத மாதிரி. நாங்க சிரிப்போம்."

மற்ற மூன்று பேரும் இப்போதும் கொஞ்சம் சிரித்தார்கள்.

"எதைப் பாதியில விட்டுட்டுப் போனாரு?"

நாலு பேரில் இளையவன், பரமன் என்று பெயர், மூட்டத்தின் கிழக்குப் பக்கத்தைக் காட்டினான்.

"அங்க ஒரு ஓட்டை. அதை அடைக்கக் குனிஞ்சவருதான். அப்படியே சாஞ்சிட்டாரு. கையில மண்ணு இருந்துச்சு."

"பிறகு?"

"பிறகு என்ன, நான்தான் அடைச்சேன். விட்டா மூட்டம் போயிருமே."

நாயகம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, காது வரைக்கும் கையைக் கொண்டுபோய், குரலை எடுத்தார்.

*காத்தை ஏசுன வாய்க்கு – இன்னைக்குக்*
*காத்தே இல்லாமப் போச்சே ஐயா*
*மண்ணள்ளி அப்புன கைக்கு – நாங்க*
*மண்ணள்ளிப் போட வந்தோமே ஐயா*

*ஒத்தை ஓட்டை பாக்கி ஐயா – நீரு*
*ஒறங்கிட்டா யாரு அடைப்பா?*
*புகை எந்திரிச்சு நிக்கி ஐயா – உம்ம*
*பேரைச் சொல்ல ஆளு இல்லையே*

இன்னும் நாலைந்து கண்ணி பாடினார். வடக்கே எந்த வாசலிலோ எவளோ ஒருத்தி இன்னும் கோலம் போட்டுக் காத்திருக்கிறாளோ என்று ஒன்று. கடைசிக் கண்ணியை இழுத்து விட்டுவிட்டு, கண்ணைத் திறந்தார். திறந்ததும் முதலில் கொம்பையாவின் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு பரமனின் முகத்தை. பிறகு மற்ற இருவரையும்.

யாரும் அழவில்லை. கொம்பையா வெற்றிலையைத் துப்பினான். பாடைக் கம்பின் மேல் இருந்த அவன் கால் எப்போது கீழே இறங்கியது என்று தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது."

பரமன் தலைத்துண்டை அவிழ்த்தான். மடித்து, சாய்ந்து கிடந்த தலையை நேராக்கி, அடியில் வைத்தான். நாலு பேரும் குனிந்து தூக்கினார்கள். வெட்டின கட்டைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் காலை வைத்துப் போனார்கள். ஓடை மேட்டில் ஏறும்போது கொம்பையா, "ஏலே, நில்லு. குலுக்காதே. தோள் மாத்திக்கோ" என்றான். நின்று, தோள் மாற்றிக்கொண்டு, மறுபடி நடந்தார்கள்.

நாயகம் பின்னாலேயே போனார். ஓடைக்கரையில் குழி தோண்டி வைத்திருந்தார்கள். அங்கேயும் அவர் நாலு பேரின் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இறக்கினார்கள். மண் தள்ளினார்கள். கை கழுவ ஓடையில் தண்ணீர் இல்லை, மணலில் தேய்த்துக்கொண்டார்கள். மூட்டத்தை ரொம்ப நேரம் விட முடியாது என்று அப்படியே போய்விட்டார்கள். ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூக்கம்மா மேட்டிலேயே நின்றிருந்தாள். நாயகம் ஏறி வந்தார்.

"பாத்தியா, தாயி?"

"எதை?"

"ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லலை."

"நீங்க அவங்க வாயைப் பாத்துட்டிருந்தீங்க, அண்ணாச்சி" என்றாள் மூக்கம்மா. "நான் தோளைப் பாத்தேன்."

"தோள்ல என்ன?"

"குடிசையில இருந்து விறகுக்கட்டு மாதிரி கொண்டுவந்து போட்டாங்களே. அதே நாலு தோள்தான் பிறகு குலுக்காமத் தூக்கிட்டுப் போச்சு."

நாயகம் திரும்பி ஓடையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. புது மண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

இருவரும் நடந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை. பாதி வழியில் நாயகம் கேட்டார்.

"அந்தத் தோளும் மாறாத நாள் வந்தா?"

"வரும்."

"வந்தா?"

"எனக்கு நெறைய வந்திருக்கு. உங்களுக்கும் நெறைய வரும்."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நாயகம் காத்திருந்தார். அவள் இருமினாள். காலில் ஏறின முள்ளைக் குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டு முன்னால் நடந்தாள்.

நாயகம் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். அடுப்பு இந்நேரம் நன்றாகப் பிடித்திருக்கும் என்று நினைத்தார். மனசு முழுக்க ஒரே இருட்டாகத்தான் இருந்தது. அரை மைல் அப்படியே வந்தார்.

திடீரென்று நின்றார்.

"தாயி, ரெண்டாவது கண்ணி தப்பு."

மூக்கம்மா திரும்பினாள்.

"'யாரு அடைப்பா'ன்னு பாடினேன். அந்தப் பையன் அடைச்சிட்டேன்னு சொன்னானே. கேட்டு வச்சுக்கிட்டே அப்படிப் பாடிட்டேன். எல்லா வீட்லயும் 'யாரு செய்வா, யாரு பாப்பா'ன்னு பாடிப் பாடி, வாய் தானா அங்க போயிருச்சு. அது பொய். ஓட்டை நிக்கலையே. இன்னொரு கை வந்து அடைச்சிருச்சே. 'நீரு விட்ட ஓட்டையை ஐயா, நேத்து வந்த கை அடைச்சிருச்சே'... இல்லை, 'நேத்து வந்த' சரியில்லை. அங்க இழுக்கு. 'பேர் கேக்காத கை'... 'உம்ம பேரு தெரியாத கை'..."

"ஆளைப் புதைச்சாச்சு, அண்ணாச்சி" என்றாள் மூக்கம்மா. "இனிமே அதை யாருக்குத் திருத்துதீங்க?"

நாயகம் வாயைத் திறந்தார். 'பேரு தெரியாத கை' என்றுதான் வந்தது. அந்த வெயிலில் அப்படியே நின்றார். விரல் மட்டும் தொடையில் பாட்டின் அடியை எண்ணிக்கொண்டிருந்தது.